சொல்வதெழுதுதலும் வாசிப்புச் சரளமும்: இடம் மாறிய இரு கருவிகள்

0. முன்னுரை

தொடக்க வகுப்புகளில் படிக்கவும் எழுதவும் கற்பிப்பதற்குக் கையாளப்படும் கருவிகளுள் சொல்வதெழுதுதலும் உரக்கப் படித்தலும் மிகப் பழையவை. ஆங்கில நாடுகளில் வளர்ந்த ஒலிமுறைப் பயிற்றுநெறி இவ்விரண்டிற்கும் ஒரு புதிய விளக்கம் தந்துள்ளது. அதன்படி, ஒலியைக் கேட்டு எழுத்தாக்குவது சொல்வதெழுதுதல். எழுத்தைக் கண்டு ஒலியாக்குவதைத் தடையின்றிச் செய்வது வாசிப்புச் சரளம். ஒன்று மற்றதன் மறுதலை. இவ்விளக்கம் இந்திய மொழிகளுக்கான ஆசிரியர் கையேடுகளிலும் மதிப்பீட்டுத் திட்டங்களிலும் பெரும்பாலும் மொழிபெயர்ப்பின் வழியாக இடம்பெற்று வருகிறது.

தமிழுக்கு இவ்விளக்கம் எந்த அளவிற்குப் பொருந்தும் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. ஒலிமுறை தமிழுக்கு ஆகாது என்பது இதன் வாதமன்று. தமிழ் வகுப்பறையில் இவ்விரு கருவிகளும் தத்தம் பணியை இடம் மாற்றிக்கொண்டுள்ளன என்பதே இங்கு முன்வைக்கப்படும் கருத்தாகும். ஒலியால் முடிவுசெய்ய இயலாத எழுத்து வேறுபாடுகளைச் சொல்வதெழுதுதல் சோதிக்கிறது. அவ்வேறுபாடுகளைக் கற்பிக்க வல்ல வாசிப்போ கடிகாரத்தின் முன் நிறுத்தப்படுகிறது. இதன் விளைவைச் சுமப்பவர் ஆறு, ஏழு வயதுக் குழந்தைகள்.

1. ஆங்கில நெறியில் இரு கருவிகளின் இடம்

ஆங்கிலம் படிக்கக் கற்பிப்பதில் ஒலிமுறைக்கு இடமுண்டா என்ற விவாதம் 1955இல் ருடால்ஃப் ஃபிளெஷ் எழுதிய நூலால் பொதுமக்களிடையே பரவியது. 1967இல் ஜீன் சால் அவ்விவாதத்தின் இரு தரப்புச் சான்றுகளையும் தொகுத்து ஆராய்ந்தார். இவ்விரண்டிற்கும் இடையே, 1957இல் வெளிவந்த ரோமால்டா ஸ்பால்டிங்கின் நூல் சொல்வதெழுதுதலைப் பயிற்சியின் நடுவில் வைத்தது. 70 எழுத்துக் கூட்டங்களை ஆசிரியர் ஒலிக்க, மாணவர் திருப்பி ஒலித்து எழுதுவர், பின்னர்ச் சொற்களை ஒலி ஒலியாகப் பிரித்து எழுதுவர், எழுதியதைப் படிப்பர். இங்கே சொல்வதெழுதுதல் தேர்வு அன்று, கற்பிக்கும் முறை.

வாசிப்புச் சரளத்தின் கோட்பாட்டு அடிப்படையை 1974இல் லாபெர்ஜும் சாமுவேல்ஸும் வகுத்தனர். எழுத்தைக் கூட்டுவதிலேயே கவனம் முழுவதும் செலவானால் பொருளை அறியக் கவனம் எஞ்சாது. ஆகவே எழுத்தறிதல் தன்னியல்பாக நிகழும் நிலையை அடையவேண்டும் என்பது அவர்தம் கருத்து. 1979இல் சாமுவேல்ஸ் திரும்பப் படித்தல் என்னும் பயிற்சியை விளக்கினார். ஒரு சிறு பகுதியைக் குறித்த வேகம் வரும்வரை மாணவர் பலமுறை படிப்பார். பிறகு புதிய பகுதிக்குச் செல்வார். பயிற்சியின் பயன் புதிய பகுதியிலேயே வெளிப்படும். 2000இல் அமெரிக்கத் தேசிய வாசிப்புக் குழு அளித்த அறிக்கை ஒலியனுணர்வு, ஒலிமுறை, சரளம், சொல்வளம், பொருளுணர்தல் என்னும் ஐந்தையும் வாசிப்புக் கல்வியின் கூறுகளாக எடுத்துக்கொண்டது. இங்கிலாந்தில் 2006ஆம் ஆண்டின் ரோஸ் அறிக்கை ஒலிகளைச் சேர்த்துப் படிக்கும் முறையை முதன்மைப்படுத்தியது.

இந்நெறி எந்த மொழியின் தேவையிலிருந்து பிறந்தது என்பதை மறத்தலாகாது. 26 எழுத்துகளைக் கொண்டு ஏறத்தாழ 44 ஒலியன்களைக் குறிக்கும் ஆங்கிலத்தில் எழுத்திலிருந்து ஒலிக்குச் செல்லும் வழியும் கோணல். ஒலியிலிருந்து எழுத்திற்குச் செல்லும் வழியும் கோணல். சைமோரும் உடனாய்வாளரும் 13 ஐரோப்பிய மொழிகளை ஒப்பிட்டு 2003இல் வெளியிட்ட ஆய்வில், முதலாண்டின் முடிவில் ஃபின்னிய, கிரேக்க மொழிக் குழந்தைகள் பழகிய சொற்களை ஏறக்குறையப் பிழையின்றிப் படித்தனர்; ஆங்கிலம் கற்ற ஸ்காட்லாந்துக் குழந்தைகள் 34 விழுக்காட்டுச் சொற்களையே சரியாகப் படித்தனர். ஆங்கிலம் விதியன்று, விலக்கு என்பது இதனால் புலனாகும். டேவிட் ஷேர் 2008இல் வாசிப்பாய்வின் ஆங்கில மையப் போக்கைக் கண்டித்து எழுதியதும் இக்காரணம் பற்றியே.

எழுத்தை ஒலித்துக்கொண்டே எழுதிப் பழகுவது தமிழகத்திற்கு வெளியிலிருந்து வந்த புதுமையுமன்று. திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதியவாறே எழுத்தொலியைக் கூறினர். 1789இல் சென்னை எழும்பூர் ஆதரவற்ற சிறுவர் இல்லத்தின் கண்காணிப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல், உள்நாட்டுப் பள்ளி ஒன்றில் கண்ட மணல் எழுத்தைத் தம் பள்ளியிலும் புகுத்தினார். 1797இல் அதுபற்றி நூல் வெளியிட்டார். அம்முறை சென்னை முறை என்னும் பெயரோடு இங்கிலாந்தில் பரவியது. கருவி எங்குத் தோன்றியது என்பதைவிட, அது இன்று எதற்குப் பயன்படுகிறது என்பதே ஆராயத்தக்கது.

2. தமிழில் இரு திசைகள்

2.1 எழுத்திலிருந்து ஒலிக்கு

தமிழில் எழுத்தைக் கண்டு ஒலிப்பது பெரிதும் ஒழுங்கானது. வல்லின எழுத்துகள் மட்டும் இடத்திற்கேற்ப வேறுபட்டு ஒலிக்கும். கல், பக்கம், தங்கம், பகல் என்னும் நான்கு சொற்களிலும் ககரம் ஒன்றே, ஒலி ஒன்றன்று. எனினும் இவை மாற்றொலிகள். முதல், இரட்டித்தல், மெல்லினத்தின் பின், உயிரிடை என்னும் சூழலைக் கொண்டு ஒலிப்பைக் கூறிவிடலாம். தமிழ் பேசும் குழந்தைக்கு இவ்விதியைக் கற்பிக்க வேண்டுவதில்லை; சொல் தெரிந்ததாயின் அதன் நா தானே திருத்திக்கொள்ளும். பயன், பயம் என்பனபோல முதலெழுத்து ஒன்றாயிருந்தும் கடன்சொல்லின் ஒலிப்பு வேறுபடும் இடங்களில் மட்டுமே விதி உதவாது. அங்கும் சொல்லறிவு கைகொடுக்கும்.

2.2 ஒலியிலிருந்து எழுத்திற்கு

எழுதும் திசையில் நிலைமை வேறு. குறில், நெடில் வேறுபாடும் ஒற்றிரட்டித்தலும் செவிக்குத் தெளிவானவை. பல், பால், படு, பட்டு ஆகியவற்றைக் கேட்டே எழுதலாம். ஆனால் ரகர, றகர வேறுபாடு இன்றைய பேச்சில் பெரும்பான்மையோரிடம் இல்லை. குமரி மாவட்டம் போன்ற சில பகுதிகளில் மட்டும் அது பெருமளவு காக்கப்படுகிறது. ழகரம் பல வட்டாரங்களில் ளகரமாகிவிட்டது. ணகர, னகர வேறுபாடு பலர் பேச்சில் மங்கியுள்ளது. நகர, னகரங்கள் ஒலியில் ஒன்றாயினும் இடத்தால் பிரிகின்றன: மொழி முதலிலும் தகரத்தின் முன்னும் நகரம், பெரும்பாலான பிற இடங்களில் னகரம். கரை, கறை, வளி, வழி, மனம், மணம் என்பன எழுத்தில் தெளிவாக வேறுபட்டாலும் பலர் செவிக்கு ஒன்றே.

இவற்றோடு இரட்டை வழக்கும் சேர்கிறது. இலை பேச்சில் எலை, குடை, கொடை, காற்று, காத்து, மூன்று, மூணு, வந்துவிட்டான், வந்துட்டான். பின்வரும் அசையின் அகர, ஐகாரத்தால் முன்னுள்ள இகர உகரங்கள் எகர ஒகரங்களாவது ஒழுங்கான ஒலிமாற்றம். குழந்தையின் வாயில் குடை என்னும் பொருளும் கொடை என்னும் எழுத்து வடிவமும் ஒன்றாகின்றன.

ஆகவே ஆங்கிலத்தில் இரு வழியும் கோணல். ஃபின்னியத்தில் இரு வழியும் நேர். தமிழில் ஒரு வழி ஏறக்குறைய நேர், மறுவழி பாதியளவே நேர். ஒன்று மற்றதன் மறுதலை என்னும் ஆங்கில நெறியின் எடுகோள் தமிழில் முழுமையாகச் செல்லாது.

3. சொல்வதெழுதுதல்: பிழைகளை எண்ணுவதும் பிரிப்பதும்

வகுப்பில் சொல்வதெழுதுதலுக்குத் தேர்ந்தெடுக்கப்படும் சொற்களில் அறம், அரம், பழம், பள்ளம், மணம், மனம் போன்றவை மிகுதி. மயங்கொலிகளில் பிழை மிகுதியாக நேர்வதால் அவற்றையே சோதிக்கவேண்டும் என்பது இதன் பின்னுள்ள எண்ணம். இச்சொற்களை இயல்பாக ஒலித்தால் மாணவர் செவிக்கு வேறுபாடு கிட்டாது. எனவே ஆசிரியர் வல்லின ற, மூன்று சுழி ண, சிறப்பு ழ என்று எழுத்தின் பெயரைக் கூறிவிடுகிறார். பெயர் கூறியதும் அது ஒலியை எழுத்தாக்கும் பயிற்சியாக இல்லாமல் போகிறது. பெயர் கூறாவிடின் அது ஊகமாகிறது. இரண்டு நிலையிலும் ஒலிமுறை அங்கு இல்லை.

தொடக்க நிலையில் சொல்வதெழுதுதலில் நேரும் பிழைகளை ஐந்து வகையாகப் பிரிக்கலாம்.

(அ) குறி பற்றியன: கொடி என்பதைக் கெடி என்று எழுதுதல். எகர, ஏகார, ஐகாரக் குறிகள் மெய்க்குப் பின் ஒலித்தும் முன் எழுதப்படுகின்றன. ஒகர, ஓகாரங்களில் இருபுறமும் குறி வருகிறது. ஒலிவரிசையும் வரிவடிவ வரிசையும் இங்கே முரண்படுகின்றன.

(ஆ) அளவு பற்றியன: பால் என்பதைப் பல் என்றும், பட்டு என்பதைப் படு என்றும் எழுதுதல்.

(இ) மயங்கொலி பற்றியன: கோழி என்பதைக் கோளி என்று எழுதுதல்.

(ஈ) வழக்கு பற்றியன: குடை என்பதைக் கொடை என்றும், காற்று என்பதைக் காத்து என்றும் எழுதுதல்.

(உ) புணர்ச்சி பற்றியன: அந்தப் பையன் என்பதில் ஒற்றை விடுதல்.

இவற்றுள் முதலிரண்டும் ஒலிக்கும் எழுத்திற்கும் உள்ள தொடர்பு உறுதிப்படாமையைக் காட்டுகின்றன. அவை ஒலிமுறையின் களத்தைச் சேர்ந்தவை. இ, ஈ வகைப் பிழைகள் அதற்கு நேர்மாறானவை. தன் செவியும் வாயும் அறிந்த ஒலியைக் குழந்தை சரியாகவே எழுத்தாக்கியிருக்கிறது. அச்சொல்லின் எழுத்து வழக்கு வடிவம் அதற்கு இன்னும் அறிமுகமாகவில்லை. உ வகை சொல்லெல்லையும் இலக்கணமும் பற்றியது; முதல் இரண்டு வகுப்புகளில் அதனைச் சோதிப்பதில் பயனில்லை.

பத்துச் சொற்களில் மூன்றைப் பிழையாக எழுதிய இருவரை எடுத்துக்கொள்ளலாம். ஒருவர் பல், கெடி, படு என்று எழுதினார். மற்றவர் கோளி, கொடை, காத்து என்று எழுதினார். இருவர் பெறுவதும் பத்துக்கு ஏழு. இருவருக்கும் தரப்படும் பணியும் ஒன்றே: பிழையான சொற்களை ஐந்து முறை எழுதுதல். முதலாமவருக்குத் தேவை, நெடிலையும் இரட்டித்தலையும் செவியால் பிரித்துக் கேட்டு மெல்ல எழுதும் பயிற்சி. இரண்டாமவருக்கு அப்பயிற்சி தேவையே இல்லை. அவர் வேண்டுவது கோழியும் குடையும் காற்றும் மீண்டும் மீண்டும் வருகின்ற, பொருளுள்ள, எளிய பாடங்களைப் படிப்பது. மதிப்பெண் ஒன்றாக இருப்பதால் இவ்வேறுபாடு ஆசிரியர் பார்வையிலிருந்து மறைந்துவிடுகிறது. இரண்டாமவர் தம் செவியை நம்பியதற்குத் தண்டனை பெறுகிறார். ஒலிமுறையின் முதற்பாடமோ செவியை நம்பு என்பதே.

ழகரத்தையும் றகரத்தையும் திருத்தமாக ஒலிக்கப் பழக்கினால் பிழை தானே நீங்கும் என்று கூறுவாருண்டு. திருத்தமான ஒலிப்பு விரும்பத்தக்கதே. ஆனால் ஆசிரியரிடமும் பெற்றோரிடமும் வழக்கிழந்த ஒரு வேறுபாட்டை ஆறு வயதுக் குழந்தையின் செவியில் முதலில் நிறுவி, அதன்பின் எழுத்தைக் கற்பிப்பது தலைகீழான வரிசை. றகர வேறுபாட்டைப் பேச்சில் இழந்த வட்டாரங்களிலும் மக்கள் பிழையின்றி எழுதுகின்றனர். அவர்கள் அதைச் செவியால் பெறவில்லை. கண்ணால், படித்துப் பெற்றனர்.

4. வாசிப்புச் சரளம்: அளவையின் குறை

படித்துப் பெறுதல் என்பதற்குக் கோட்பாட்டு விளக்கமும் உண்டு. 1995இல் ஷேர் முன்வைத்த தற்கற்றல் கருதுகோளின்படி, குழந்தை ஒரு புதிய சொல்லை எழுத்துக் கூட்டி வெற்றியுடன் படிக்கும் ஒவ்வொரு முறையும் அச்சொல்லின் எழுத்து வடிவம் நினைவில் பதிகிறது. எழுத்திலிருந்து ஒலிக்குச் செல்லும் வழி நேராக உள்ள தமிழில் இவ்வாய்ப்பு மிகுதி. மயங்கொலிச் சொற்களின் எழுத்து வடிவைக் கற்பிக்கும் இயல்பான கருவி வாசிப்பே என்பது இதிலிருந்து பெறப்படும்.

ஆனால் வாசிப்புப் பயிற்சி இன்று வேக அளவீடாகச் சுருங்கி வருகிறது. 2021 ஜூலையில் நடுவணரசு தொடங்கிய நிபுன் பாரத் இயக்கம், இரண்டாம் வகுப்பினர் நிமிடத்திற்கு 45 முதல் 60 சொற்களும், மூன்றாம் வகுப்பினர் குறைந்தது 60 சொற்களும் படிக்கவேண்டும் என்று இலக்கு வகுத்தது. மொழி எதுவாயினும் எண் ஒன்றே. 2022இல் நடத்தப்பட்ட அடிப்படைக் கற்றல் ஆய்வு 20 மொழிகளில் மூன்றாம் வகுப்பினரின் வாசிப்பை அளந்து, மொழிதோறும் தனி அளவுகோல் வகுத்தது. இது வரவேற்கத்தக்க முன்னேற்றம். எனினும் அளக்கும் அலகு அதிலும் சொல்லே.

தமிழ் போன்ற ஒட்டுநிலை மொழியில் சொல் என்பது நிலையான அலகன்று. பின்வரும் தொடரை நோக்கலாம்:

குழந்தைகள் மரத்தடியில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கிறார்கள்.

இதில் சொற்கள் 4, எழுத்துகள் 34. இத்தொடரையே ஈற்றில் படித்துக் கொண்டு இருக்கிறார்கள் என்று பிரித்து அச்சிடுவதும் உண்டு. அப்போது சொற்கள் 6, எழுத்துகள் 35. ஒரு குழந்தை இதனைப் படிக்க 12 நொடி எடுத்துக்கொண்டால், சேர்த்தெழுதிய வடிவில் அதன் வேகம் நிமிடத்திற்கு 20 சொல்; பிரித்தெழுதிய வடிவில் 30 சொல். குழந்தை மாறவில்லை, வாசிப்பு மாறவில்லை. அச்சுக்கோப்பில் இட்ட இடைவெளி மட்டுமே மாறியது. எழுத்தை அலகாகக் கொண்டால் 170, 175 என்னும் எண்கள் கிடைக்கின்றன, வேறுபாடு பொருட்படுத்தத்தக்கதன்று.

எழுத்துக்கு மாற்றாக மாத்திரையை அலகாகக் கொள்ளலாமா என்னும் வினா எழக்கூடும். மாத்திரை ஒலிக்கும் கால அளவு. எழுத்தறியும் உழைப்பின் அளவன்று. கா என்பதைக் கண்டறிய க என்பதைப்போல் இருமடங்கு உழைப்புத் தேவையில்லை. ஆகவே எழுத்தே தக்க அலகு.

உரக்கப் படிக்கும்போது நேரும் மாற்றங்களைப் பிழையாக எண்ணுவதிலும் தெளிவு வேண்டும். ஆங்கிலச் சரளத் தேர்வுகளில் வட்டார ஒலிப்புப் பிழையாகக் கொள்ளப்படுவதில்லை. தமிழில் வந்துவிட்டான் என்று அச்சிட்டிருப்பதை வந்துட்டான் என்று படிக்கும் குழந்தை எழுத்தையும் அறிந்திருக்கிறது, பொருளையும் உணர்ந்திருக்கிறது. வந்தான் என்று படிப்பது வேறு. அதில் ஒரு பகுதி விடுபட்டது. இரண்டையும் ஒன்றாக எண்ணும் அளவீடு, புரிந்து படித்தவரைத் தண்டித்து, புரியாமல் எழுத்தெழுத்தாகப் படித்தவரைப் பாராட்டும்.

மற்றொரு குறை மனப்பாடம் பற்றியது. சாமுவேல்ஸின் முறையில் பயன் புதிய பகுதியில் அளக்கப்பட்டது. கூட்டாக உரக்கச் சொல்லிப் பழகும் வகுப்பில் பயிற்சிப் பாடமும் தேர்வுப் பாடமும் ஒன்றாகவே அமைந்தால், பத்தாம் முறை படிக்கும் குழந்தை ஏட்டைப் பார்க்காமலே பாடத்தை ஒப்பிக்கும். அங்கே அளக்கப்படுவது நினைவாற்றல். பாடத்தின் நடுவிலுள்ள ஒரு சொல்லைச் சுட்டிக் கேட்டால் உண்மை தெரிந்துவிடும்.

5. மொழிபெயர்ப்பின் பங்கு

இக்குழப்பத்தில் மொழிபெயர்ப்பாளர்க்கும் பங்குண்டு. இச்சொல்லில் எத்தனை ஒலிகள் என்று வினவும் ஆங்கிலக் கையேட்டின் தொடர், தமிழில் எத்தனை எழுத்துகள் என்று மாறுவதைக் காணலாம். படம் என்பதில் எழுத்து மூன்று; ஒலியன் ஐந்து. மரபிலக்கணத்தில் எழுத்து என்னும் சொல் ஒலியையும் வரிவடிவையும் ஒருங்கே குறிப்பதால் இம்மாற்றம் இயல்பாகத் தோன்றும். ஆனால் பயிற்சியின் அலகே அதனால் மாறிவிடுகிறது.

மாறுவது தவறு என்பதன்று. தமிழ்க் குழந்தைக்கு முதலில் கைவருவது உயிர்மெய். அதனை மெய்யாகவும் உயிராகவும் பகுத்துணர்வது பிந்தியது. கன்னட எழுத்துகளைக் குழந்தைகள் கற்கும் வேகம்பற்றி 2007இல் சோனாலி நாக் வெளியிட்ட ஆய்வும், எழுத்தறிவு நிறைவுபெற முதல் வகுப்புக்கு அப்பாலும் பல ஆண்டுகள் ஆவதையும் ஒலியனுணர்வு மெல்லவே தோன்றுவதையும் காட்டியது. 247 எழுத்துகளைக் கொண்ட தமிழுக்கும் இது நினைக்கத்தக்கது. மொழிபெயர்ப்பாளர் அலகை மாற்றுவதாயின் அறிந்து மாற்றவேண்டும். ஓரிடத்தில் எழுத்து, மற்றோரிடத்தில் ஒலி என்று கலந்து வழங்கலாகாது. நிமிடத்திற்கு 60 சொற்கள் என்பதும் இத்தகைய மொழிபெயர்ப்பே. எண் பெயர்க்கப்பட்டது, அலகு பெயர்க்கப்படவில்லை.

6. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பின்வருவன பெறப்படும்.

(1) தொடக்க நிலைச் சொல்வதெழுதுதல், ஒலியால் முடிவுசெய்யத்தக்கவற்றோடு நிற்கவேண்டும்: குறில், நெடில், இரட்டித்தல், உயிர்மெய்க் குறிகள். ஆசிரியர் ஒலிக்க, மாணவர் திருப்பி ஒலித்து, எழுதி, எழுதியதைப் படித்து, உடனே திருத்திக்கொள்ளும் முறையில் அது கற்பித்தலாக அமையவேண்டும். மதிப்பெண் பின்னர் வரலாம்.

(2) மயங்கொலிச் சொற்களை வாசிப்பில் மிகுதியாக வழங்கி, பிறகே எழுதக் கேட்கவேண்டும். அப்போதும் தனிச்சொல்லாகக் கூறாமல் தொடரில் வைத்துக் கூறவேண்டும். சட்டையில் கறை படிந்தது என்னும்போது பொருள் எழுத்தைக் காட்டும்; கறை என்று மட்டும் கூறினால் எதுவும் காட்டாது.

(3) பிழைகளை எண்ணுவதற்கு முன் வகைப்படுத்தவேண்டும். ஆசிரியர் பயிற்சியில் பிழையாய்வுக்கு இடம் தருவது மொழியியலார் செய்யத்தக்க பணி.

(4) சரளத்தை எழுத்து அலகால் அளக்கவேண்டும். பயிற்சிக்குப் பயன்படுத்தாத பகுதியில் அளக்கவேண்டும். பேச்சு வழக்கு ஒலிப்பைப் பிழையாகக் கொள்ளலாகாது.

தமிழ்நாட்டில் 2022இல் முதல் மூன்று வகுப்புகளுக்கெனத் தொடங்கப்பெற்ற எண்ணும் எழுத்தும் திட்டம் போன்ற முயற்சிகள், தொடக்க வகுப்புகளின் படிப்பைப் பொதுக்கவனத்திற்குக் கொண்டுவந்துள்ளன. இத்தகைய முயற்சிகளில் எது அளக்கப்படுகிறதோ அதுவே கற்பிக்கப்படும். கோளி என்று எழுதிய குழந்தைக்குச் செவி உண்டு என்பதையும் அதற்குப் புத்தகமே குறை என்பதையும் காட்டக்கூடிய அளவுகோலை உருவாக்குவது, தமிழின் ஒலியமைப்பையும் எழுத்தமைப்பையும் அறிந்தோர் கடமையாகும்.